கம்பெனிக் கணக்கில் இருக்கும் பணம் யாருடையது?

கேள்வி: வணக்கம். மதுரையிலிருந்து 2016-இல் கனடா வந்தேன். சில வருடம் வேலை பார்த்துவிட்டு, 2022-இல் டொராண்டோவில் சொந்தமாக ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கினேன். பல் மருத்துவமனைகளுக்கான அப்பாயின்ட்மென்ட் மென்பொருள். இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மாதம் 22,000 டாலர் பில் போடுகிறேன். சம்பளம், சர்வர், வாடகை எல்லாம் போக 500 டாலர் மிஞ்சும். போன வருட ஹெச்.எஸ்.டி. (விற்பனை வரி) பாக்கி 28,000 டாலர் என்று கனடா வரித் துறையான சி.ஆர்.ஏ. கடிதம் அனுப்பியிருக்கிறது. ஒரு புரோக்கர் இரண்டே நாளில் 40,000 டாலர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். தினமும் கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்பது மாதத்தில் மொத்தம் 52,000 பிடித்துக்கொள்வார்களாம். வாங்கலாமா? பணத்தை ஹோல் லைஃப் இன்சூரன்ஸில் (ஆயுள் முழுவதற்குமான, சேமிப்பும் சேர்ந்த பாலிசி) போட்டால் பிறகு நம்மிடமே நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பரும் சொல்கிறார். ஊரில் அண்ணன் மாடி கட்டுகிறார். அவருக்கு மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் கம்பெனிக் கணக்கிலிருந்து போகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர், அவரால் தனியாகச் சமாளிக்க முடியாது. அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.
— ஸ்கார்பரோ வாசகர்

பதில்: நிறுத்தத்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் கேட்டது புரோக்கரின் கடனைப் பற்றி. ஆனால் விஷயம் இருப்பது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்.

ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது ஏறக்குறைய 2,400 டாலர். வருடத்துக்கு ஏறக்குறைய 29,000. இப்போது வரிக் கணக்கைப் பாருங்கள். 22,000 டாலர் பில்லுக்கு 13 சதவீத ஹெச்.எஸ்.டி. 2,860. நீங்கள் வாங்கிய பொருள், சேவைகளுக்குக் கட்டிய வரியைக் கழித்தால் மாதம் சுமார் 2,300 நிற்கும். வருடத்துக்கு 27,000, 28,000. சி.ஆர்.ஏ. கேட்கும் தொகையும் அதேதானே? மாடிக்குப் போனது உங்கள் லாபம் இல்லை, உங்கள் லாபம் மாதம் 500 டாலர்தான். போனது வாடிக்கையாளர் அரசாங்கத்துக்காக உங்களிடம் கொடுத்து வைத்த பணம்.

இதில் சிக்குவது நீங்கள் மட்டும் இல்லை. சிறு நிறுவனங்கள் பலவும் ஹெச்.எஸ்.டி. கணக்கை வருடத்துக்கு ஒரு முறைதான் தாக்கல் செய்கின்றன. முதல் வருடம் நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்தில் கட்டினால் போதும்; முந்தைய வருட நிகர வரி 3,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் காலாண்டுக்கு ஒரு முறை முன்தவணை கட்ட வேண்டும். அதுவரை அந்தப் பணம் வங்கிக் கணக்கில் சும்மா கிடக்கும். பேலன்ஸைப் பார்த்தால் தொழில் நன்றாக நடப்பதுபோல் இருக்கும். ஊரிலிருந்து போன் வரும்போது 'இருக்கிறதே' என்று கை போகும்.

லிமிடெட் கம்பெனிதானே, எனக்கென்ன என்று யாராவது தைரியம் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். வசூலித்த ஹெச்.எஸ்.டி.யும், பணியாளர் சம்பளத்தில் பிடித்த வரியும் அரசுக்காக நீங்கள் காப்பாற்றி வைத்திருக்க வேண்டிய பணம். கம்பெனியால் கட்ட முடியாமல் போனால் இயக்குநர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட நேரிடும். பதவியை விட்டு விலகினாலும் இரண்டு வருடம் வரை துரத்தலாம். சம்பளப் பிடித்தத்தையாவது ஒழுங்காகக் கட்டி வருகிறீர்கள் என்று நம்புகிறேன், கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அப்புறம், உங்கள் அக்கவுன்டன்ட் அந்த 29,000 டாலரை எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் 'ஷேர்ஹோல்டர் லோன்' என்று இருக்கும். அதாவது கம்பெனி உங்களுக்குக் கொடுத்த கடன். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் அதைத் திருப்பிக் கட்டாவிட்டால், முழுத் தொகையும் உங்கள் சொந்த வருமானத்தில் சேர்ந்துவிடும். நீங்கள் எடுக்கும் சம்பளத்தோடு அது சேர்ந்தால், தோராயமாக எட்டாயிரம் டாலருக்குமேல் வரி வரலாம். டிசம்பர் கடைசியில் கட்டிவிட்டு ஜனவரியில் மறுபடி எடுக்கும் வித்தை செல்லாது.

சரி, புரோக்கருக்கு வருவோம். 52,000 டாலரை ஒன்பது மாதத்தில் பிடித்தால் வேலை நாளுக்கு 275 டாலர், மாதத்துக்கு 5,800 போகும். உங்களிடம் மிஞ்சுவது 500! இரண்டாவது மாதத்திலேயே இன்னொரு புரோக்கரைத் தேட வேண்டியிருக்கும். கூடுதலாகக் கொடுப்பது 12,000தானே, 30 சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக 20,000 டாலர்தான் உங்கள் கையில் இருந்திருக்கும். அதற்கு ஒன்பது மாதத்தில் 12,000 என்றால் வருடக் கணக்கில் 80 சதவீதம். 2025 ஜனவரியிலிருந்து இந்த அளவு வணிகக் கடனுக்கு ஆண்டு வட்டி 48 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதில் மாட்டாமல் இருக்க, 'இது கடனே இல்லை, உங்கள் வருங்கால வசூலை விலைக்கு வாங்குகிறோம்' என்று ஒப்பந்தம் எழுதுவார்கள். சொந்த ஜாமீன் கையெழுத்து மட்டும் மறக்காமல் கேட்பார்கள்.

சி.ஆர்.ஏ. பாக்கிக்கு வட்டி 2024-இல் 10 சதவீதமாக இருந்தது, பிறகு இறங்கியது. இதை அடைக்க 80 சதவீதத்துக்கு வாங்குவீர்களா? வரித் துறையைக் கண்டு பயப்படுவது புரிகிறது. ஆனால் நீங்களே போன் செய்து தவணை கேட்டால் பேசுவார்கள். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு, வரவு செலவு, வர வேண்டிய பில் பட்டியல் கையில் இருக்கட்டும். அனுப்பாமல் நிறுத்தும் 2,400-இல் இந்த வருட ஹெச்.எஸ்.டி.யை முதலில் எடுத்து வையுங்கள். பழைய பாக்கிக்கு உங்கள் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து, மிஞ்சும் 500-உடன் சேர்த்து மாதம் 1,300 கட்டினால் வட்டியோடு இரண்டு வருடத்தில் முடியும். நீண்ட காலம் என்று மறுத்தால் ஒன்றரை வருடத்துக்குப் பேரம் பேசுங்கள். இன்றே இன்னொரு வங்கிக் கணக்கு திறந்து, பில் தொகை வந்த அன்றே அதன் வரிப் பங்கை அங்கே மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டு வேண்டாம்.

இனி அண்ணன். அவர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியருக்கு வீட்டுக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்காது. 20 லட்ச ரூபாயை எட்டரை சதவீத வட்டிக்கு 15 வருடத்துக்கு வாங்கினால் தவணை இருபதாயிரம் ரூபாய்க்குள் வரும். வேண்டுமானால் அதில் பாதியை உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுங்கள், 160 டாலர்தான். பத்திரம் யார் பெயரில் என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணன் பெயரில் என்றால் கடனும் அவர் பெயரிலேயே இருக்கட்டும், ஜாமீன் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் உட்கார வைத்துப் பேசுங்கள். சி.ஆர்.ஏ. கடிதத்தின் தொகையை ரூபாயில் சொல்லுங்கள். 17 லட்சம் என்று கேட்டால் அவர்களுக்கே நிலைமை புரியும். கனடாவில் இருப்பவனிடம் பணம் கொட்டுகிறது என்ற நினைப்பை இதுவரை நீங்களும் மறுத்திருக்க மாட்டீர்கள்.

இன்சூரன்ஸ் நண்பருக்குப் பதில்: அந்தப் பாலிசிகளில் முதல் சில வருடங்கள் சரண்டர் மதிப்பு (பாலிசியை நிறுத்தினால் கிடைக்கும் தொகை) கட்டிய பணத்தைவிட வெகு குறைவு. வரிப் பாக்கி இருப்பவர் பார்க்க வேண்டிய பொருளே இல்லை அது. குடும்பத்துக்காக டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்கு ஆயுள் காப்பீடு மட்டும்) ஒன்று இல்லாவிட்டால் அதை மட்டும் எடுங்கள்.