ஓ.எம்.ஆர். பக்கம் எங்கள் ஏரியாவில் 2,000 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மரம், தூசி, சத்தம் எல்லாம் அப்புறம்.

தென்சென்னையில் பெய்யும் மழை ஏரி ஏரியாக வழிந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். இந்த வழியில் எங்கே மண் அடித்து மேடாக்கினாலும் அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவில்தான் நிற்கும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டுவதாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். 1,50,000 சதுர மீட்டரை எட்டினால் முழுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். 2,000 வீடு என்றால் அநேகமாக எட்டிவிடும். அதனால் இந்த வரம்பைத் தவிர்க்க ஒரே திட்டத்தைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து விண்ணப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். விண்ணப்பமும் அறிக்கையும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும்.

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பயப்படாதீர்கள். காற்று, நீர், மண் மாதிரிகளை எந்த மாதங்களில் எடுத்தார்கள் என்று தேடுங்கள். வழக்கமாக மழைக்காலத்தைத் தவிர்த்து ஏதாவது ஒரு பருவத்தில் மூன்று மாதம் எடுப்பார்கள். நம் ஊரில் பிரச்சினையே ஐப்பசி கார்த்திகையில்தான், ஆனால் அறிக்கையில் இருப்பதோ காய்ந்துகிடக்கிற நிலம். விதிப்படி சரியாக இருக்கலாம், எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது.

அடுத்து, மனையை எவ்வளவு உயர்த்துகிறார்கள்? 10 ஹெக்டேர் நிலத்தை ஒரு மீட்டர் உயர்த்த ஒரு லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். அந்த மண் எந்த ஏரியிலிருந்து, எந்தக் குவாரியிலிருந்து வருகிறது? அதே 10 ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர், அது எந்த வடிகாலுக்குப் போகிறது, அந்த வடிகாலுக்கு ஏற்கெனவே எத்தனை குடியிருப்புகளின் தண்ணீர் வருகிறது? ஒரு மனையை மட்டும் தனியாகப் பார்த்தால் எந்தத் திட்டமும் ஆபத்தில்லாததாகவே தெரியும்.

குடிநீர்க் கணக்கையும் நீங்களே போட்டுவிடலாம். வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் 13,50,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் நாளொன்றுக்கு 110 நடைக்கு மேல். குடிநீர் வாரியம் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறதா, இல்லை போர்வெல்லும் லாரியும்தானா? கழிவுநீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்கு விடுவோம் என்று எழுதியிருப்பார்கள், அடைமழையில் செடிக்கு யார் தண்ணீர் விடப்போகிறார்கள்? அந்த நாட்களில் மிஞ்சும் தண்ணீர் எங்கே போகும் என்று அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும்.

சர்வே எண்களை எடுத்துக்கொண்டு அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஒப்பிடுங்கள். மனைக்கு நடுவில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேருக்கு மேல் 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது, அதன் எல்லையிலிருந்து உங்கள் மனை எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது, உங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே சர்வே எண், புகைப்படம், தேதியோடு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள். அதற்குப் பிறகு போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.