கூலும் கணக்கு வரவில்லையென்றால் பொறியியலை விட்டுவிட வேண்டுமா?

நிலைமின்னியல், அதாவது ஓய்வில் இருக்கும் மின்னூட்டங்களைப் பற்றிய பாடத்தின் தேர்வில் மகள் கோட்டைவிட்டுவிட்டாள், பொறியியல் ஆசையை இப்போதே மறந்துவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் அம்மா. மொத்த மதிப்பெண்ணை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது, தப்பு எந்த வரியில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும், இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைப் பற்றிச் சொன்ன விதி ஒரே வரிதான். இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்கி, தொலைவின் இருமடியால் வகுத்து, 9×10⁹ ஆல் பெருக்கினால் விசை வந்துவிடும். இதை மனப்பாடம் செய்யாத பிள்ளை அநேகமாகக் கிடையாது. மின்னூட்டத்தின் அலகுக்கும் கூலும் என்றே பெயர், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகூலும். மின்னூட்டங்கள் 2 மைக்ரோகூலும், 3 மைக்ரோகூலும், இடையில் 30 செ.மீ. என்றால் விடை 0.6 நியூட்டன். செ.மீ.யை மீட்டராக்க மறந்து 30 என்றே போட்டால் விடை பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். பார்க்கப் பெரிய தப்பு மாதிரி இருக்கும், ஆனால் கொஞ்ச நாள் அலகையும் சேர்த்து எழுதிப் பழகினால் சரியாகிவிடும். இதற்கெல்லாம் பிள்ளையின் எதிர்காலத்தை இழுக்கவே கூடாது.

அடுத்தது குறி. மின்னூட்டத்தின் மைனஸைச் சூத்திரத்துக்குள் போட்டுவிட்டு, மைனஸ் விசை வந்ததால் இடப்பக்கம் என்று எழுதிவிடுவார்கள். அந்த மைனஸ் ஈர்ப்பு என்று மட்டும்தான் சொல்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அளவை மட்டும் சூத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டு, திசையைப் படத்தில் அம்புக்குறி போட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

நான் உண்மையில் கவனிப்பது வேறு. +4, +1 மைக்ரோகூலும் இரண்டும் 30 செ.மீ. தள்ளி இருக்கின்றன, மூன்றாவது மின்னூட்டத்தை எங்கே வைத்தால் அதன் மேல் விசையே இருக்காது? இரண்டுக்கும் நடுவில், பெரியதிலிருந்து 20 செ.மீ. தூரத்தில். இதைப் பலரும் போட்டுவிடுகிறார்கள். இப்போது +1-ஐ −1 ஆக்குங்கள். நடுவில் எங்கே வைத்தாலும் இரண்டு அம்புகளும் ஒரே பக்கம்தான் பார்க்கும், ஒன்றையொன்று ஈடுகட்டவே முடியாது, அதனால் அந்த இடம் வெளியேதான் இருக்க வேண்டும், அதுவும் சின்ன மின்னூட்டத்தைத் தாண்டி. கணக்குப் போட்டால் அதிலிருந்து 30 செ.மீ. படம் வரைந்து இந்த முடிவுக்குத் தானாக வருகிற பிள்ளை, அலகில் எத்தனை முறை சறுக்கினாலும் எனக்குக் கவலையில்லை. பாலமோ இயந்திரமோ, விசைகளை இப்படி அம்பு போட்டுப் பார்ப்பதுதான் அங்கேயும் அடிப்படை வேலை.

இன்னொன்று, எந்தப் பிரிவு என்பதும் முக்கியம். மின்னணுவியல் என்றால் இந்தப் பாடம் கூடவே வரும், சிப் தயாரிக்கும் இடத்தில் நிலைமின்சாரம் பாய்ந்து பொருள் கெடாமல் பார்ப்பதே ஒரு தனி வேலை. கணினி அறிவியல் என்றால் பிறகு கூலும் விதியைத் தொடுவதே அபூர்வம்.

சரி, −1 கணக்கை அவளிடம் கொடுங்கள். விடையைச் சொல்லாதீர்கள், பக்கத்தில் நின்று கேள்வி கேட்காதீர்கள், நேரமும் வைக்காதீர்கள். அடித்துத் திருத்தியது உட்பட அவள் எழுதிய தாளை அப்படியே எடுத்து வாருங்கள், அப்புறம் பிரிவைப் பற்றிப் பேசலாம்.