பின்பக்கம் தொங்கும் பழைய மோட்டார்ஹோம்: கேள்வி பதில்

கேள்வி: இருபது வருட வண்டி, உள்ளேயே தங்கும் வசதியுள்ள மோட்டார்ஹோம். பின் பம்பர் தரையைத் தேய்க்காத குறைதான். ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக மாட்டும் காற்றுப் பை) மாட்டினால் சரியாகுமா?

பதில்: முதலில் எடை போட்டீர்களா? சாமான்கள், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றி, பின் ஆக்ஸிலை மட்டும் எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். ஆக்ஸில் எவ்வளவு தாங்கும் என்று வண்டியின் தகட்டில் போட்டிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் சாமானைக் குறைப்பதுதான் வழி, எந்த ஸ்பிரிங்கும் அந்த அளவைக் கூட்டாது. ஆக்ஸிலுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதிதான் வில்லன். இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே 4 மீட்டர், பைக் தொங்குவது பின் ஆக்ஸிலுக்கு 2 மீட்டர் தள்ளி என்று வையுங்கள்: 100 கிலோ பைக் பின் ஆக்ஸிலில் 150 கிலோவாக இறங்கும், முன்னாலிருந்து 50 கிலோவைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவது இதனால்தான்!

எடை சரி என்றால், சமதரையில் சக்கர நடுவிலிருந்து மேல் வளைவு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் பட்டை (அடுக்கு இரும்பு ஸ்பிரிங்) உடைந்திருக்கலாம், அதன் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் தண்ணீர் டேங்க் அந்தப் பக்கம் இருக்கும்.

கேள்வி: ஷாக் அப்சார்பரை மாற்றினால் உயருமா?

பதில்: உயராது. ஷாக் துள்ளலை அடக்கும், சுமப்பது ஸ்பிரிங்.

கேள்வி: பழைய பட்டையைக் காய்ச்சி வளைத்துக்கொள்ளலாமா?

பதில்: கேஸ் சூட்டில் வளைத்தால் பதம் போய்விடும். முறையாகச் செய்பவர்கள் வளைத்த பிறகு மறுபடி பதம் ஏற்றுவார்கள், ஆனாலும் ஓய்ந்த இரும்பு ஓய்ந்ததுதான். புதிது போடுங்கள். பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டும் புதிதாக இருக்கட்டும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதை இன்னொரு முறை முறுக்குங்கள்.

கேள்வி: கனமான ஷாக் போட்டால்?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஏர் பேக் எல்லாம் ஏமாற்று வேலை. கூடுதல் பட்டை ஒன்றுதான் நிரந்தரம். நான் லாரிப் பட்டறைக்காரன், சொல்கிறேன்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். மோட்டார்ஹோம் எப்போதும் ஏறக்குறைய ஒரே சுமையோடு ஓடுவதால் பட்டை நன்றாகவே பொருந்தும். ஆனால் கெட்டியான பட்டை ஒவ்வொரு பள்ளத்தையும் அலமாரித் திருகுகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏர் பேக்கில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். (இரண்டையும் ஒரே குழாயில் இணைக்காதீர்கள், வளைவில் காற்று மறுபக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும்.)

கேள்வி: நடுவழியில் காற்று இறங்கினால் என்ன செய்வீர்கள்?

பதில்: அதனால்தான் செத்த பட்டைக்கு முட்டுக்கொடுக்க ஏர் பேக் போடாதீர்கள் என்கிறேன். பட்டை தனியாகவே தாங்க வேண்டும், காற்று கைத்தாங்கலுக்கு மட்டும். நாம் இரண்டு பேரும் விட்டுவிட்டது பிரேக். பல பழைய வண்டிகளில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்த வால்வு இருக்கும், பின்பக்க உயரத்தை வைத்து அது சுமையைக் கணக்கிடும். நீங்கள் பட்டையால் தூக்கினாலும் சரி, காற்றால் தூக்கினாலும் சரி, வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதை மறுபடி அளவு வைக்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

கேள்வி: சரி, ஏர் பேக்கில் எவ்வளவு காற்று வைப்பது?

பதில்: எடை போட்டீர்களா?