சிலபஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, ஆசிரியருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பி.காம். மாணவர்களுக்கு வணிகப் புள்ளியியல் எடுக்கிறேன். சிலபஸ் மேலிருந்து வருகிறது, ஐந்து அலகு. "போர்ஷனை முடிங்கம்மா, அது போதும்" என்கிறார் எங்கள் துறைத்தலைவர் (ஹெச்.ஓ.டி.). முடித்தும் விடுகிறேன். பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போடுகிறார்கள். வந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். பாடத்தை மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? எவ்வளவு தூரம்?

பதில்: உரிமை உண்டு அம்மா. தலைப்புகளை நீங்கள் நீக்க முடியாது. ஆனால் எந்தத் தலைப்புக்கு எத்தனை மணி நேரம், எது முன்னே எது பின்னே, எந்த உதாரணம், கல்லூரியே மதிப்பெண் போடும் இன்டர்னலில் என்ன கேள்வி என்ற நான்கும் வகுப்பு எடுப்பவரின் கையில்தான் இருக்கின்றன. முப்பத்தோராண்டு இதே பாடங்களை நடத்தி, அதில் சில ஆண்டுகள் பாடத்திட்டக் குழுவிலும் உட்கார்ந்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: சிலபஸில் ஒரு அலகுக்கு இருப்பது நாலைந்து வரி. அந்த வரிகளைப் பாடமாக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் செய்வதில்லை, நீங்கள்தான் செய்கிறீர்கள்.

முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். பருவத்துக்கு 90 வேலை நாள். கிழமைக்குப் பதில் ஆறு நாள் சுற்றாக ஓடும் கால அட்டவணை, அதாவது ஆறு நாள் டே ஆர்டர் என்றால் 15 சுற்று. சுற்றுக்கு ஐந்து மணி நேரம் உங்கள் தாளுக்கு ஒதுக்கியிருந்தால் காகிதத்தில் 75 மணி நேரம். இன்டர்னல் தேர்வுகள், விளையாட்டு விழா, திடீர் மழை விடுமுறை, நான் முதல்வன் வகுப்பு எல்லாம் போக என் குறிப்பேடுகளில் அது அறுபதைத் தாண்டியது அரிது. அந்த அறுபதை ஐந்தால் வகுத்து அலகுக்குப் பன்னிரண்டு என்று லெசன் பிளானில் எழுதுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. எல்லா அலகும் ஒரே கனம் இல்லை. முகடும் இடைநிலை அளவும் பிளஸ் டூவில் வணிகவியல் படித்து வந்தவர்களுக்குப் பழகியவை. அங்கே நாலைந்து மணி நேரத்தை மிச்சம் பிடியுங்கள்.

மிச்சம் பிடித்ததை, விலைவாசி எவ்வளவு மாறியது என்று ஒரே எண்ணில் சொல்லும் குறியீட்டெண்ணில் போடுங்கள் என்பேன். பெரும்பாலான சிலபஸில் அது கடைசி அலகில், மாடல் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், மூச்சு வாங்க ஓடுகிற இடத்தில் கிடக்கிறது. லாஸ்பியர், பாசி, பிஷர் என்று மூன்று பொருளியலாளர்களின் பெயரில் உள்ள மூன்று சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, ஆளுக்கொரு கணக்குப் போடச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறோம். நீங்கள் சொல்கிற முழிப்பு அங்கேதான் பிறக்கிறது. சராசரி முடிந்த கையோடு, இரண்டாவதாகவே அதை எடுக்கலாம். ஒட்டுறவும் காலத்தொடரும் தெரியாமலே இதைப் புரிந்துகொள்ள முடியும். பெருக்கல், கூட்டல், வகுத்தல், பிஷருக்கு மட்டும் ஒரு வர்க்கமூலம். வரிசை மாற்றியதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பருவ முடிவில் ஐந்து அலகும் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்றார்களே, நினைவிருக்கும். ஒரு வீடு மாதம் நாலு கிலோ தக்காளி, மூன்று கிலோ வெங்காயம் வாங்குகிறது என்று வையுங்கள். தக்காளி 20 ரூபாய், வெங்காயம் 40. மொத்தம் 200 ரூபாய். அடுத்து தக்காளி 80 ஆகிறது, வெங்காயம் அதே 40. வீட்டில் என்ன செய்வார்கள்? ரசத்துக்குப் புளியைக் கூட்டிக்கொண்டு, தக்காளியை ஒரு கிலோவோடு நிறுத்துவார்கள். இப்போதும் மொத்தம் 200 ரூபாய்தான்.

கணக்கைப் போடும் முன்பு வகுப்பைக் கேளுங்கள்: செலவு 200, இப்போதும் 200, அப்படியானால் விலைவாசி ஏறவில்லையா? ஐந்து நிமிடம் அவர்களே அடித்துக்கொள்ளட்டும். பிறகு சூத்திரத்துக்கு வாருங்கள். லாஸ்பியர் பழைய அளவைப் பிடித்துக்கொள்கிறார்: அதே நாலு கிலோவும் மூன்று கிலோவும் இன்று வாங்கினால் 440 ரூபாய், அன்று 200, அன்றையதை 100 என்று வைத்தால் இன்று 220. பாசி இன்றைய அளவைப் பிடிக்கிறார்: ஒரு கிலோவும் மூன்று கிலோவும் இன்று 200, அன்றைய விலையில் 140, ஆக ஏறக்குறைய 143. ஒரே வீடு, ஒரே சந்தை, ஒரு சூத்திரம் 220 என்கிறது, இன்னொன்று 143 என்கிறது. அந்த இடைவெளி முழுவதும் அடுப்படியில் விட்டுக்கொடுத்த மூன்று கிலோ தக்காளி. இதைக் கண்டுகொண்ட மாணவர் பிறகு எந்தச் சூத்திரத்தில் எந்த அளவு வரும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 177 வரும், அது பிஷர். இரண்டு ஜெர்மன்காரர்களும் 1870களில் சொன்னதை அவர் 1920களில் ஏன் இப்படிச் சேர்த்தார் என்பதும் தானாக விளங்கிவிடும்.

ஒரு முறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் அம்மா தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். "சார், வாங்குறவங்க ஒரு கிலோவோட நிறுத்திட்டாங்க, எங்கம்மாவுக்கு மீதி மூணு கிலோ அழுகிப்போச்சே, அது இந்தக் கணக்கில எங்க வரும்?" என்றான். வரவில்லை என்றுதான் சொன்னேன். அது விலைக் குறியீட்டெண்ணின் எல்லை. அதற்கு முன்பு எந்தப் பாடநூலிலிருந்தும் அந்த எல்லையை இவ்வளவு தெளிவாக நான் வகுப்பில் காட்டியதில்லை. அடுத்த ஆண்டு முதல் அவன் கேள்வி என் பாடக்குறிப்பில் நிரந்தரமாக ஏறிவிட்டது. பாட உள்ளடக்கத்தை ஆசிரியர் வடிவமைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் இன்டர்னல். இளநிலைப் பட்டத்தில் பொதுவாக 25 மதிப்பெண் உங்கள் கையில், 75 பல்கலைக்கழகத் தேர்வில். 25-ல் ஒரு பங்கு அசைன்மென்ட்டுக்கு இருக்கும். கேள்வி வங்கியிலிருந்து பத்துக் கணக்கைப் போட்டு வரச் சொன்னால் ஒருவர் போட்டதை நாற்பது பேர் பார்த்து எழுதுவார்கள். அதற்குப் பதில், ஒவ்வொருவரும் தன் வீட்டு மளிகைச் செலவில் ஐந்து பொருளை எடுத்து, இரண்டு மாத விலையையும் அளவையும் கேட்டு எழுதி, இரண்டு குறியீட்டெண்ணும் கண்டு, இடைவெளிக்குக் காரணத்தை நாலு வரியில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். இரண்டு பேருக்கு ஒரே விடை வராது. வீட்டு விவரம் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு விடுதி மெஸ் கணக்கையோ டீக்கடைக் கணக்கையோ எடுக்க அனுமதி கொடுங்கள்.

இதற்கு ஹெச்.ஓ.டி. என்ன சொல்வாரோ என்று தயங்க வேண்டாம். கேள்விகளை கே1 முதல் கே6 வரை வகைப்படுத்தச் சொல்கிறார்கள் அல்லவா? நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல். பலர் அதை, கல்லூரிக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) குழுவுக்காக நிரப்பும் படிவமாக நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு அனுமதிச் சீட்டு. மளிகை அசைன்மென்ட்டை கே4 என்று பதிவேட்டில் எழுதிக் காட்டுங்கள், மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

ஓர் எச்சரிக்கை. வினாத்தாளை மறந்துவிடாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண்ணில் ஐந்துக்கு மூன்று என்ற அமைப்பு. நெடுவினாவில் இரண்டு அலகை விடலாம். ஐந்து மதிப்பெண் கேள்வி அலகுக்கு ஒன்றாக 'இது அல்லது அது' என்று வரும், அங்கே தப்ப முடியாது. பிடித்த அலகில் இருபது மணி நேரம் செலவழித்து, ஒரு அலகை நோட்ஸ் கொடுத்துத் தள்ளிவிட்டால் அடி வாங்குவது அரியர் எழுதப்போகும் பிள்ளைதான். என் இளம் வயதில் இதை ஒரு வகுப்புக்குச் செய்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, தலைப்பையே மாற்ற வேண்டுமென்றால்? அதற்கு வாசல் பாடத்திட்டக் குழு, நாம் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் என்கிறோமே அது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் வேலை எளிது. லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை 1978-லேயே தன்னாட்சி பெற்றவை. அங்கெல்லாம் துறைத்தலைவர் தலைமையில் துறை ஆசிரியர்களே உட்கார்ந்து, வெளி வல்லுநர்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதி, தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோரோடு சிலபஸை எழுதுகிறார்கள். 2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் எதிர்த்ததும், கட்டாயமில்லை என்று அரசு பிறகு சொன்னதும் இந்த எழுதும் உரிமைக்காகத்தான்.

உங்களுடையது இணைப்புக் கல்லூரி. குழுவில் உங்கள் கல்லூரிக்கு இடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் விடைத்தாள் திருத்தும் முகாமில் குழு உறுப்பினர் யாராவது பக்கத்து மேசையில் இருப்பார். டீ நேரத்தில் வாயால் சொன்னால் மறந்துபோகும். ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தத் தலைப்பை எடுக்க வேண்டும், அதனால் எத்தனை மணி நேரம் மிஞ்சும், அந்த நேரத்தில் எது வர வேண்டும், அதற்கு எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம். கூடவே நல்ல மளிகை அசைன்மென்ட் இரண்டின் நகலை, பெயரை மறைத்து இணையுங்கள். நான் குழுவில் இருந்த காலத்தில் "சிலபஸ் ரொம்ப அதிகம் சார்" என்ற புலம்பல் நிறைய வந்தது. எடுக்க வேண்டியதையும் சேர்க்க வேண்டியதையும் மணிக்கணக்கோடு எழுதிய தாள் மூன்றே மூன்றுதான் வந்தது. அதில் இரண்டை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.