ஐம்பதுக்கு மேல் வெள்ளியங்கிரி ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சித்ரா பௌர்ணமிக்கு என் மகன் நண்பர்களோடு வெள்ளியங்கிரி போகிறான், என்னையும் கூப்பிடுகிறான். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். என்னால் ஏற முடியுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஏறலாம் ஐயா. ஆனால் உங்கள் கடிதத்தில் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலையின் சுயம்பு லிங்கம் வரை ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். காதால் கேட்கும்போது சின்னத் தூரம். முதல் மலையிலேயே கரடுமுரடான கல் படிகள் செங்குத்தாகக் கிளம்பிவிடும். வெள்ளை விநாயகரைக் காண்பதற்குள் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். வழுக்குப்பாறையையும் கைதட்டிச் சுனையையும் கடந்த பிறகு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆறாவது மலையில் பாதை ஆண்டி சுனையை நோக்கி இறங்கும். போகும்போது அது சுகம். சாமி கும்பிட்டுத் திரும்பும்போது அதே இறக்கம் ஏற்றமாக எதிரே நிற்கும். அதையும் கடந்து வந்தால் கடைசியில் முதல் மலையின் படிகள். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழு எடையையும் தொடைத் தசைதான் பிடித்து நிறுத்துகிறது. அது ஓய்ந்துபோனால் பாரம் முழங்காலுக்கு இறங்கிவிடும். பாதி பலத்தை இறக்கத்துக்கென்று எடுத்து வைக்காமல் ஏறவே கூடாது.

இதற்கான பயிற்சிக்கூடம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: சென்னிமலை, 1,320 படிகள். ஞாயிற்றுக்கிழமை வெயில் வருமுன் போய்விடுங்கள். முதல் மாதம் ஒரு முறை ஏறி, அதே படிகளில் இறங்குங்கள். களைப்பாக இருக்கிறதென்று வண்டியில் இறங்கிவிட்டால் பயிற்சியில் பாதி போய்விடும். இரண்டாம் மாதம் தண்ணீர், துண்டு, ஸ்வெட்டர் எல்லாம் வைத்து முதுகில் மூன்று கிலோ. மூன்றாம் மாதம் ஒரே காலையில் இரண்டு முறை. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். பேச்சு அறுந்தால் நில்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக மருத்துவரைப் பாருங்கள். படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. ஓய்வில் இருக்கும் இதயத்தைத்தான் காட்டும். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமல் மாரடைப்பு வருவதுண்டு. மலை ஏறும் நாளில் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். குளுக்கோஸைப் பையின் அடியில் போடாமல் சட்டைப் பையில் வையுங்கள். இருட்டில், நடுங்கும் கையோடு அதைத் தேட முடியாது.

நான் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். முதன்முதலில் வெள்ளியங்கிரி ஏறியபோது எனக்கு 49 வயது. எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் உடன் வந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். அடிவாரத்திலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் மூன்றாவது மலைக்குப் பிறகு பேசவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஐந்தாவது மலையில் உட்கார்ந்துவிட்டார். "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும், நீங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார். கையைத் தொட்டேன். அந்தக் குளிர்காற்றிலும் உள்ளங்கை வியர்த்திருந்தது. முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள் தோள் கொடுத்தார்கள். கீழே வந்துசேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. மருத்துவமனையில் இரண்டு ரத்தக் குழாய்களில் அடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டார். ஏழாவது மலையை நான் பார்த்தது அடுத்த வருடம்தான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவர் பூண்டி வரை வருகிறார். நான் இறங்கி வரும்வரை கோயில் மண்டபத்தில் காத்திருக்கிறார்.

நெஞ்சு இறுகினாலும், தாடையோ இடது கையோ வலித்தாலும், காரணமின்றி வியர்த்தாலும் அதற்கு வாயு என்று பெயர் வைக்காதீர்கள். 2024 பருவத்தில் இந்த மலையில் உயிரிழந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இதயம், மூச்சு, ரத்த அழுத்தம், சர்க்கரைத் தொல்லை உள்ளவர்களை ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. அந்தப் பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள். மருத்துவர் கூடாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

நாளையும் மாற்றுங்கள். சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்க முடியாது. பின்னால் வருபவர் தள்ளிக்கொண்டே இருப்பார். மலைப்பாதை பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கும். பௌர்ணமிக்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு வார நாளில் போங்கள். வேர்த்த உடம்போடு ஆண்டி சுனையில் முழுக்குப் போடாதீர்கள். அந்தத் தண்ணீரின் குளிர் இதயத்தைச் சட்டென்று உலுக்கும். தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். 'அப்பா திரும்பலாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்ப வேண்டும்' என்று அவர் முன்னிலையிலேயே மகனிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பர்வதமலைக்குப் போக இருபது வருட ஆசை. எனக்கு வயது 46. பாறையில் இரும்புக் கம்பிகளை அறைந்து வைத்த கடப்பாறைப் படியை நினைத்தாலே உள்ளங்கால் கூசுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, போளூர்

பதில்: பகலில் போங்கள் அம்மா. இருட்டில் ஏறினால் பள்ளம் தெரியாது, பயம் வராது என்று சிலர் சொல்வார்கள். கால் வைக்கும் இடமும் தெரியாது என்பதைச் சொல்லமாட்டார்கள். கடப்பாறைப் படியில் இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பிடியில் இருக்கட்டும்; ஒன்றுதான் நகர வேண்டும். கண் அடுத்த பிடியைப் பார்க்கட்டும். புடவையைவிடச் சுடிதார் நல்லது. துப்பட்டாவைக் குறுக்காக இறுக்கிக் கட்டிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் போக வேண்டாம், இரும்பும் பாறையும் வழுக்கும். வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிப் பழகுங்கள். சாய்வான ஏணியில் இறங்குவதுபோல, முகம் பாறையைப் பார்த்தபடி இறங்குவது அங்கே உதவும்.

கேள்வி: அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி போதுமா, விலை உயர்ந்த மலையேற்றக் கோல் வாங்க வேண்டுமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: மூங்கிலே போதும். வாங்கும்போது தரையில் ஊன்றி, உங்கள் முழு எடையையும் அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். வளைந்தால் வேறு எடுங்கள். உயரம் நெஞ்சளவு இருக்கட்டும். இடுப்பளவுத் தடி ஏறுவதற்குச் சரியாக இருக்கும்; இறங்கும்போது கீழ்ப்படிக்கு எட்டாது.