இருட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?

கேள்வி: 2026 ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறோம். பால்வீதியை நன்றாகப் பார்க்க ஊரைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும்?
– வாசகி, ஈசூன்

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவுதான். அந்தப் பாலைவன ஊரில் இருப்பவர்களே சுமார் 25,000 பேர். ஊர் வெளிச்சம் வானத்தை எவ்வளவு கெடுக்கும் என்று கணிக்க, மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் 1970களில் ஒரு சூத்திரம் தந்தார். மக்கள்தொகையை 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 250. கிலோமீட்டரில் தூரத்தின் வர்க்கத்தை அதே தூரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 20 கிலோமீட்டர் என்றால் 400 × 4.47, அதாவது 1,789. 250ஐ இதனால் வகுத்தால் 0.14. ஊர் இருக்கும் திசையில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே பாதி உயரத்தில், வானம் இயல்பைவிட 14 விழுக்காடு வெளுத்திருக்கும் என்று பொருள். 23 கிலோமீட்டரில் இது 10 விழுக்காடு. அதற்குக் கீழே கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. 40 கிலோமீட்டரில் வெறும் 2.5. விளக்கு வகைக்கு ஏற்ப இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனாலும் இடம் தேர்ந்தெடுக்க இது போதும்.

ஆகவே தூரம் உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. திரும்பி வருவதுதான் சிக்கல். இருட்டிய பிறகு கங்காருவும் மாடும் சாலையில் நிற்கும். அதனால் ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் எழுதியிருக்கும். மீறினால் காப்பீடு கிடைக்காது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பகலிலேயே போய் அங்கேயே தங்கிவிடுவது நல்லது. மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் எல்லரி கிரீக், 135 கிலோமீட்டரில் ஆர்மிஸ்டன் கார்ஜ், இரண்டிலும் முகாம் இடங்கள் உண்டு. இடத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டினர் பூங்கா அனுமதிச்சீட்டும் வாங்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: பகலில் அழகாக இருக்கும் செம்பாறைச் சுவர் இரவில் பாதி வானத்தை மறைத்துவிடும். பள்ளத்தாக்கின் வாயிலில் உட்காராமல், கிழக்கும் தெற்கும் திறந்திருக்கும் வெட்டவெளிக்கு வாருங்கள்.

ஜூன் 15 அமாவாசை. 10ஆம் தேதியிலிருந்து 19ஆம் தேதிக்குள் பயணத்தை வையுங்கள். மாலை ஏழேகாலுக்கு முழு இருட்டு. அப்போது தெற்கில் தென்சிலுவை விண்மீன்கூட்டம் பாதி உயரத்துக்கும் மேலே நிற்கும். நள்ளிரவை ஒட்டிக் கேட்டை நட்சத்திரம் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன் கிழக்கே மூலத்தை ஒட்டிப் பால்வீதியின் மிகத் தடித்த பகுதி. பாயை விரித்து மல்லாந்து படுத்துப் பாருங்கள், கழுத்து வலிக்காது. குளிர் 5 டிகிரிக்கும் கீழே போகும், சில இரவுகளில் பூஜ்யத்துக்கும் கீழே. ஒவ்வொருவருக்கும் தடித்த காலுறை, குல்லா, போர்வை வேண்டும்.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதி இல்லை. மலேசியக் கிழக்குக் கரையில் உள்ள மெர்சிங் போதுமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: சிங்கப்பூரில் இருப்பதைவிட மிக நன்று, ஆனால் முழு இருட்டு இல்லை. அதே கணக்கைப் போடுங்கள். சிங்கப்பூரில் சுமார் 60 லட்சம் பேர், மெர்சிங்குக்கு நேர்க்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர்: 38 விழுக்காடு. இடையில் உள்ள ஜோகூர் பாரு நகரின் வெளிச்சமும் இதோடு சேரும். சிங்கப்பூரின் வெளிச்சம் மட்டும் 10 விழுக்காட்டுக்கு இறங்க 200 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். மெர்சிங்கில் கெடுவது தெற்கு வானம். தென்சிலுவை நிற்பதும் அங்கேதான். ஆகவே கடலைப் பார்த்துக் கிழக்கையும் உச்சியையும் நோக்குங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, போக வேண்டாம்.

கேள்வி: இருட்டான இடத்துக்குப் போயும் எங்களுக்குச் சில நட்சத்திரங்களே தெரிந்தன. ஏன்?
– வாசகி, பொங்கோல்

பதில்: நிலவு இல்லாத தெளிந்த இரவு என்றால், பெரும்பாலும் கைப்பேசிதான் காரணம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளைத் திரையை ஒருமுறை பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சிறு டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் ரேகை மங்கலாகத் தெரிய வேண்டும், அவ்வளவு வெளிச்சம் போதும். கார் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கையும் முன்னதாகவே அணைத்து வையுங்கள்; பூட்டைத் திறக்கும்போது முன்விளக்கு தானாக எரியும் கார் என்றால், தேவையானதை எல்லாம் முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: படங்களில் பார்க்கும் ஊதாவும் இளஞ்சிவப்பும் நேரில் தெரியாது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது. பால்வீதி வெண்சாம்பல் பட்டையாகத்தான் இருக்கும். அதன் நடுவே ஓடும் கரிய கீற்றுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நல்ல இருட்டில் இருக்கிறீர்கள். பிறகு 7×50 இருகண்ணோக்கியை (7 மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 50 மி.மீ. அகலம்) அந்தக் கீற்றின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள்.