அடித்துவிட்ட விடையில் இருக்கும் பாடம்

கேள்வி: தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். இயற்பியல் பாடத்தைப் படித்தால் புரிகிறது. ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட்டாலும் புரிகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை. சற்று நேரத்தில் கைடைத் திறந்துவிடுகிறேன். சூத்திரங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டால் சரியாகிவிடுமா, ஐயா?
– ஒரு மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: ஆகாது. உங்களிடம் குறைவது சூத்திரம் அன்று. எடுத்துக்காட்டுக் கணக்கில், எங்கிருந்து தொடங்குவது, எந்தத் திசையை நேர்க்குறியாகக் கொள்வது, எந்தச் சமன்பாட்டைக் கையில் எடுப்பது என்ற முடிவுகளை வேறொருவர் உங்களுக்காக முன்பே எடுத்துவிட்டார். நீங்கள் அவருடைய கூட்டல் கழித்தலைச் சரிபார்த்து, அதையே புரிதல் என்று எண்ணிக்கொள்கிறீர்கள். கணக்கின் உயிர் அந்த முடிவுகளில்தான் இருக்கிறது. கைடைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், பழக வேண்டிய அந்த ஒன்றையே பழகாமல் விட்டுவிடுகிறீர்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 40 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். அது எப்போது தரையை அடையும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம். முதலில் படம் வரையுங்கள்: கட்டடம், கல், மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. மேல்திசை நேர்க்குறி என்று அம்புக்குறியின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இதை எழுதாமல் மனத்தில் மட்டும் வைத்துக்கொள்பவர்கள்தான் பாதி வழியில் குறியை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். இப்போது தரை என்பது, எறிந்த இடத்திலிருந்து −40 மீட்டர். நேரத்தை ந என்று கொண்டால்,

−40 = 10ந − 5ந²

என்று வரும். சுருக்கினால் ந² − 2ந − 8 = 0, அதாவது (ந − 4)(ந + 2) = 0. விடைகள் 4, −2.

இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் ‘நேரம் எதிர்க்குறியாக இருக்க முடியாது’ என்று எழுதி −2ஐ அடித்துவிட்டு, 4 வினாடி என்பதன் கீழே இரட்டைக் கோடு போட்டுவிடுகிறார்கள். தேர்வுக்கு அது போதும். நீங்கள் அங்கே நிறுத்தாதீர்கள் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நாம் எழுதிய சமன்பாட்டுக்குக் கல்லை எறிந்த கை தெரியாது. ஒரு குறிப்பிட்ட நொடியில் கல் அந்த உயரத்தில் 10 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருந்தது என்பது மட்டுமே தெரியும். அப்படியானால், அதற்கு 2 வினாடிகளுக்கு முன்பு யாரோ அதைத் தரையிலிருந்து எறிந்திருக்கலாம். எந்த வேகத்தில்? 10 − 10 × (−2), அதாவது 30. சரிபாருங்கள்: 30 மீட்டர் வேகத்தில் எறிந்த கல் 2 வினாடியில் 60 − 20 = 40 மீட்டர் உயரம் ஏறியிருக்கும்; அப்போது வேகம் 30 − 20 = 10. கட்டடத்தின் உச்சியில் நாம் பார்த்த அதே கல்தான். நான்காவது வினாடியில் அது தரையைத் தொடும் வேகமும் 30தான். −2க்கும் 4க்கும் நடுப்புள்ளி 1. கல் உச்ச உயரத்தை அடைவதும் சரியாக அந்த 1 வினாடியில்தான். இருபடிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்களுக்கும் நடுவே அச்சு இருக்கும் என்று கணித வகுப்பில் படித்தது, இங்கே ஒரு கல்லின் பாதையாக உங்கள் நோட்டில் நிற்கிறது.

ஒரே கணக்கில் இவ்வளவு இருக்கும்போது, நாளுக்கு இருபது கணக்கு என்று விரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. மூன்று போதும், ஆனால், கைடை வேறு அறையில் வைத்துவிட்டுப் போடுங்கள். அரை மணி நேரம் முயன்றும் வராவிட்டால், எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் ‘இந்தக் கணக்கு வரவில்லை’ என்று சொல்வதைவிட, அந்த ஒரு வரியைக் காட்டுவது அவருக்கும் உதவியாக இருக்கும்.

கேள்வி: இயற்பியலில் இயக்கவியல் பாடத்திலேயே வகையீடு வந்துவிடுகிறது. கணிதத்தில் அது இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. அதுவரை எப்படிச் சமாளிப்பது?
– ஒரு மாணவர், திருவாரூர்

பதில்: உங்கள் குறை நியாயமானது. இரண்டு பாடங்களையும் நடத்தும் ஆசிரியர்கள் சேர்ந்து பேசி முறைப்படுத்த வேண்டியது இது. அதுவரை எண்களை வைத்தே தொடங்கலாம். உயரத்திலிருந்து விழும் பொருள் 1, 2, 3, 4 வினாடிகளில் முறையே 5, 20, 45, 80 மீட்டர் விழுகிறது. அடுத்தடுத்த வினாடிகளில் விழுந்த தூரங்கள் 5, 15, 25, 35. அதாவது 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதம். 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ இந்த விகிதத்தைத்தான் எடுத்துக்காட்டினார். வகையீடு அப்போது பிறந்திருக்கவில்லை.

சரி, மிகச் சரியாக இரண்டாவது வினாடியில் வேகம் என்ன? 2 முதல் 2.1 வினாடி வரை விழுந்த தூரம் 2.05 மீட்டர், அதை 0.1ஆல் வகுத்தால் 20.5. 2 முதல் 2.01 வரை எடுத்துக்கொண்டால் 20.05. 2.001 வரை என்றால் 20.005. இடைவெளியைக் குறைக்கக் குறைக்க எண் 20ஐ நெருங்குகிறது. வகையீடு என்பது இந்த நெருங்குதலுக்கு இட்ட பெயர். இந்த மூன்று வகுத்தல்களையும் உங்கள் கையாலேயே ஒருமுறை செய்துவிடுங்கள். இரண்டாம் தொகுதியில் எல்லை என்ற சொல் வரும்போது அது புதிதாகத் தோன்றாது.

கேள்வி: புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று படித்துவிட்டு, கணக்கில் 10 என்று போடுவது தவறில்லையா?
– ஒரு மாணவரின் தாய், ஆத்தூர்

பதில்: வினாவிலேயே 10 என்று கொடுத்திருந்தால் தவறில்லை, கொடுக்காவிட்டால் 9.8 என்றே போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2 சதவீதம். மேலே சொன்ன கல் கணக்கையே 9.8 வைத்துப் போட்டால், காரணிப்படுத்த வராது. இருபடிச் சூத்திரம் தேவைப்படும். விடை 4க்குப் பதிலாக 4.05 வினாடி என்று வரும். முதலில் 10ஐ வைத்து விடை எந்த அளவில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டு, பிறகு 9.8ஐ வைத்துப் போடும் பிள்ளை, தசமப் புள்ளி இடம் மாறி 40.5 என்று வந்துவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடும்.